ஆத்தா வாசலுக்கு நேர்ந்த அமெரிக்கக் கார்

அம்மன் துணை.

அப்பாவின் முதலாம் ஆண்டு நினைவுக்கு வந்து, சாப்பிட்டு, இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் தெருக்காரர்களுக்கும் மகள் வணங்கி எழுதிக்கொள்வது. நான் பர்மியப் பள்ளியில் எட்டாவது வரைக்கும்தான் படித்தேன். தமிழ் எழுத்து, கோயிலில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் கற்றுக்கொண்டது. குற்றம் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். தம்பி எழுதியிருந்தால் நன்றாக எழுதியிருப்பான். அவன் வர முடியாத இடத்தில் இருக்கிறான்.

அப்பா அவர்கள் போட்டாதாங்கில், ஸ்ட்ராண்ட் ரோடு கிடங்குகளுக்குப் பின்னால் இருந்த கூலி லைனில் பிறந்தார். தாத்தா கப்பலில் மூட்டை இறக்கியவர். நம்மவர்கள் பர்மாவை விட்டுக் கூட்டம் கூட்டமாகக் கப்பலேறித் தமிழ்நாட்டுக்குப் போன காலத்தில் தாத்தா எழுந்து நடக்க முடியாமல் படுக்கையில் கிடந்தார். அவரை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று அப்பாவும் அத்தையும் இங்கேயே தங்கிவிட்டார்கள். தாத்தாவை அடக்கம் செய்த பிறகு போவதற்குக் கப்பலும் இல்லை, கூப்பிடுவதற்கு ஆளும் இல்லை. அப்பா லாரி ஷெட்டில் மெக்கானிக் வேலை கற்று, பிறகு க்யிம்யிண்டைங்கில், நம் வாயில் சொன்னால் கெமண்டைனில், ஒரு பர்மிய டாக்டர் வீட்டுக்கு டிரைவராகப் போனார். அந்த டாக்டரை அப்பா கடைசி வரைக்கும் 'சயா' என்றுதான் சொல்வார். பெரியவர்களுக்கும் வைத்தியருக்கும் இங்கே கொடுக்கும் மரியாதை அது.

சயாவிடம் ஒரு அமெரிக்கக் கார் இருந்தது. ஊரை விட்டுப் போன ஒரு வெள்ளைக்காரரிடம் வாங்கியது. மஸ்டாங் என்று பெயர். இரண்டே கதவு, நீண்ட மூக்கு, எட்டு சிலிண்டர். மசில் கார் என்று அமெரிக்காவில் சொல்வார்களாம், தம்பி போனில் சொன்னான். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கல்யாணமானபோது சயா அந்தக் காரைத்தான் கொடுத்தார். மாப்பிள்ளையே ஓட்டினார், பெண் பக்கத்தில் உட்கார்ந்தாள். அம்மா இருந்தவரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லி வெட்கப்படுவாள்.

சயா காலமான பிறகு அவர் பிள்ளைகள் வெளிநாடு போனார்கள். ஓடாமல் நின்றுபோன வண்டியை அந்த வீட்டு அம்மா அப்பாவுக்கே கொடுத்துவிட்டார். நம் வீட்டுப் பக்கத்துக் கொட்டகையில் பல வருஷம் கிடந்தது. பெரும்புயலில் கொட்டகை மேல் மரம் விழுந்தது. ஆற்றுத் தண்ணீர் ஏறிச் சேறு சீட்டு வரை வந்தது. எங்கள் அம்மாவும் போய்ச் சேர்ந்தாள். அப்பாவுக்கும் வயதாகிவிட்டது. அந்த வண்டியை இனி யாரும் தொடப்போவதில்லை என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

பிறகு, வயசுப் பையன்களை வீட்டில் வைத்திருக்க முடியாத காலம் வந்தது. எல்லோருக்கும் தெரிந்ததுதான், விரித்து எழுதவில்லை. தம்பி எல்லை தாண்டிப் போனான். போனவனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. அப்பா சாப்பாட்டைத் தொட்டுத் தொட்டு வைத்தார். ஒரு வெள்ளிக்கிழமை தெரு முனை அம்மன் கோயிலில், நானும் அத்தையும் பக்கத்தில் நிற்கும்போதே, சத்தமாக வேண்டிக்கொண்டார்.

"ஆத்தா, எம் மவன் குரல் என் காதுல விழணும். விழுந்தா, அந்த அமெரிக்கா வண்டிக்கு உசுரு குடுத்து, எங்கையால ஓட்டியாந்து உன் வாசல்ல நிறுத்துறேன்."

அத்தை பதறிப்போனாள். "ஏண்ணே, ஒரு பால்குடம் எடுக்குறேன்னு சொன்னா ஆத்தா கேக்க மாட்டாளா? அந்தத் துருப்புடிச்ச சனியன இழுத்து வுடுறியே!"

"முடியுற காரியத்த நேர்ந்துக்கிட்டா அது வேண்டுதலா?" என்றார் அப்பா.

அதே மாதம் தம்பி மலேசியாவிலிருந்து பேசினான். அப்பா போனைக் காதிலிருந்து எடுக்காமலே அழுதார். மறுநாள் காலையில் லோஞ்சியை மடித்துக் கட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போனார். என் கணவர் வேலைக்குப் போய்விடுவார்; லைங் தாயாவில் நான் தையல் வேலை பார்த்த தொழிற்சாலை அப்போது மூடிக் கிடந்தது. ஆகவே நானும் கூடப் போனேன். அப்படித்தான் அப்பாவும் மகளுமாக அந்த வேலையில் இறங்கினோம்.

எப்படிச் செய்தோம் என்று இப்போது நினைத்தாலும் மலைப்பாக இருக்கிறது. இன்ஜினை இறக்கிச் சேற்றைச் சுரண்டினோம். ஒவ்வொரு உறுப்பையும் நான் மண்ணெண்ணெயில் கழுவித் துணியில் வரிசையாக வைப்பேன். அமெரிக்க வண்டிக்கு இங்கே சாமான் ஏது? பிரேக்குக்கு வேண்டிய ரப்பரைச் செருப்புப் பட்டறையில் வார்த்து வாங்கினார். கேஸ்கட்டைக் கார்க் தகட்டில் கத்தரிக்கோலால் வெட்டினோம். பிளக் படகு இன்ஜினுக்குப் போடுவது. கரண்ட் வரும் நேரம்தான் வெல்டிங். கரண்ட் போய்விட்டால் அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்து நமசிவாய சொல்லிக்கொண்டிருப்பார். அவர் கை நுழையாத இடத்தில் என் கை நுழையும். "உங்க அம்மா கைடி உனக்கு" என்பார். சீட்டுக்கு ரெக்சின் தைத்தது நான். அதற்கு மட்டும் அப்பா ஒரு குறையும் சொல்லவில்லை.

"ஜப்பான் டீசல் இன்ஜினைத் தூக்கி வைத்துவிடுங்கள் ஊலே, ஒரு வாரத்தில் ஓடும்" என்று எதிர்வீட்டு கோ மின் பர்மியில் சொல்லுவார். அவர் லைன் பஸ் ஓட்டுகிறவர். ஊலே என்றால் மாமா.

"அடுத்தவன் உசுரப் போட்டு ஓட்டுனா ஆத்தா கேப்பாடா, இது யாரு வண்டின்னு" என்று அப்பா சிரிப்பார். "இந்த ஊர்ல ரோட்டுக்கு வலது பக்கம் போறோம். நம்ம தெருவுல பாரு, எல்லாம் ஜப்பான் வண்டி, ஸ்டியரிங் தப்புப் பக்கம். ரோட்டுக்குச் சரியான பக்கம் ஸ்டியரிங் இருக்குறது என் வண்டிக்கு மட்டுந்தான்."

ஆடி மாதம் வேலை முடிந்தது. வியாழக்கிழமை சாயந்திரம் சாவியைத் திருப்பினார். ஒரே திருப்பில் பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்தில் கொட்டகைத் தகரமே அதிர்ந்தது. மறுநாள் ஆடி வெள்ளி, நல்ல நேரம் பார்த்துக் கோயிலுக்கு எடுப்பது என்று முடிவாயிற்று.

வெள்ளி காலை தெருவே கூடிவிட்டது. முன்மூடியைத் திறந்து இன்ஜினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தோம். அத்தை சொம்பில் மஞ்சள் தண்ணீரும் வேப்பிலையும் கொண்டுவந்தாள். "ஆத்தா வாசலுக்குப் போற தேருண்ணே இது, சும்மா எடுக்கலாமா?" என்று இன்ஜின் மேல் தாராளமாகத் தெளித்தாள். சூடம் காட்டி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தோம். அப்பா வெள்ளை வேட்டியில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார்.

வண்டி முனகியது. பிடிக்கவில்லை. திரும்பத் திரும்பப் பார்த்தார். கடைசியில் முனகலும் நின்றது. பேட்டரி செத்துவிட்டது. நல்ல நேரமும் போய்விட்டது.

"அந்தக் கறுப்பு மூடியைக் கழற்றிப் பார்ப்போம் ஊலே" என்று கோ மின் ஸ்பேனரை எடுத்தார். அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நேத்து ஒரே சாவியில புடிச்சது. இன்னைக்கிப் புடிக்கலன்னா அது வண்டிக் கோளாறு இல்ல. ஆத்தா வேணாங்குறா."

அன்றே தார்ப்பாய் போட்டு மூடிவிட்டார். அவர் மனதில் என்ன புகுந்தது என்று எனக்குத் தெரியும். ஆத்தா கடனை வாங்க மறுக்கிறாள் என்றால் தம்பிக்கு என்னவோ ஆகியிருக்கிறது, ஆகப்போகிறது. தம்பி போனில் "நல்லா இருக்கேன்பா" என்று சொன்னாலும் நம்ப மாட்டார். "கெட்டத எவன் போன்ல சொல்லுவான்?" என்பார். அந்த மழைக்காலம் முழுவதும் அப்பா கொட்டகைப் பக்கமே போகவில்லை. புரட்டாசியில் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. வலது கையும் வலது காலும் போயிற்று. வாய் கோணிவிட்டது.

மழை விட்ட பிறகு, வண்டிக்குள் எலி கூடு கட்டும் என்று படுக்கையிலிருந்தே முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அவர் மனசுக்காக நான் தார்ப்பாயை விலக்கித் துடைக்கப் போனேன். டிஸ்ட்ரிபியூட்டர் என்று ஒரு கறுப்பு மூடி உண்டு. தீப்பொறியை எட்டு சிலிண்டருக்கும் பங்கு வைத்துக் கொடுப்பது அதுதான். ஈரம் பட்டால் பொறி வராது என்று அப்பா சொல்லிக் கொடுத்திருந்தார். பழைய மூடி, மயிரிழை விரிசல் இருந்தது. கழற்றினேன். உள்ளே மஞ்சள் கறை காய்ந்து படிந்திருந்தது. ஓரத்தில் ஒரு வேப்பிலைக் கீற்று ஒட்டிக்கொண்டிருந்தது.

மூடியை எடுத்துக்கொண்டு ஓடினேன். அப்பா இடது கையில் வாங்கி, கண்ணருகே வைத்துப் பார்த்தார். மோந்து பார்த்தார். அத்தை வாசல்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"ஆத்தா மறுக்கலடி" என்றார் குழறிக்கொண்டே. "உங்க அத்தைதான் மறுத்திருக்கா."

அத்தை கீரையைப் போட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "பாவி நான்! சாமிக்குன்னுதானண்ணே தெளிச்சேன்!"

"சாமி மேல தெளி. டிஸ்ட்ரிபூட்டர்ல ஏன் தெளிக்குற?" என்று அப்பா சிரித்தார். கோணின வாயோடு அவர் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வழிந்தது. அப்புறம் சிரிப்பு நின்று தண்ணீர் மட்டும் வழிந்தது. "தாயே, உன் மேல பழி போட்டுட்டேனே. எம் புள்ளைய நீ நல்லாத்தான் வச்சிருக்க" என்றார்.

மூடியைத் துடைத்துக் காயவைத்து மாட்டினேன். கோ மின் தன் பஸ் பேட்டரியைக் கழற்றி வந்தார். வண்டி பிடித்துக்கொண்டது. அப்பாவை நாற்காலியோடு தூக்கி வாசலில் வைத்தோம். கண்ணை மூடிக் கேட்டார். ஆனால் ஓட்டுவதற்குக் கால் இல்லை.

"நான் ஓட்டட்டுமா ஊலே?" என்று கோ மின் கேட்டார். அப்பா தலையாட்டி மறுத்தார். "நேர்ந்துக்கிட்டவன் கை. இல்லன்னா அவன் ரத்தம்." என்னைப் பார்த்தார்.

எனக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. அப்பா தன் கட்டிலுக்குப் பக்கத்தில் மூன்று செங்கல்லை வைக்கச் சொன்னார். கிளட்ச், பிரேக், ஆக்சிலேட்டர். நான் நாற்காலியில் உட்கார்ந்து செங்கல் மேல் காலை வைத்துப் பழக, அவர் படுத்தபடியே பார்ப்பார்.

"இடது கால வெடுக்குன்னு எடுக்காதடி. தூங்குற புள்ளையப் பாயில விடுவல்ல, அப்படி விடு."

மார்கழி பிறந்தது. ஒரு காலையில், கோயில் ஒலிபெருக்கியில் பஜனை போய்க்கொண்டிருந்தபோது கஞ்சி கொடுத்தேன். கொஞ்சம் குடித்துவிட்டுப் போதும் என்றார். கிண்ணத்தை வைத்துவிட்டுத் திரும்பினேன். மூச்சு இல்லை.

கொள்ளி வைத்தது என் கணவர். தம்பி போனில் பார்த்துக்கொண்டிருந்தான். பாதியில் லைன் அறுந்துவிட்டது.

துக்க வீட்டில் ஒரு வருஷம் நேர்த்திக்கடன் செலுத்தக் கூடாது. அந்த ஒரு வருஷம்தான் எனக்குப் பெரிய பாரமாக இருந்தது. "அண்ணன் கடனோட போயிடுச்சே" என்று அத்தை அழும்போதெல்லாம் நான் போய்ச் செங்கல் மேல் காலை வைத்துப் பழகுவேன். கடவுள் பக்தியோடு வாழ்ந்த மனிதர், சொன்ன சொல்லை நிறைவேற்றாமல் எந்த முகத்தோடு அங்கே போய் நிற்பார்? கோ மின் தன் பழைய பிக்கப்பில் எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். "அமா, மெதுவா, மெதுவா!" என்று கத்துவார். அக்கா என்று அழைக்கிறாரா, அலறுகிறாரா என்று தெரியாது.

பஞ்சாங்கப்படி திதி, இந்த நினைவு நாளுக்கு முன்னதாகவே வந்தது. அதை முடித்து, வீட்டைக் கழுவி, அடுத்து வந்த வெள்ளிக்கிழமை வண்டியை எடுத்தேன். அச்சகத்தாரிடம் இந்தக் கட்டுரையின் கடைசிப் பக்கத்தை நிறுத்தி வைக்கச் சொல்லியிருந்தேன். அத்தை சொம்பைத் தொடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். வண்டிக்கு லைசென்ஸ் இல்லை, பெரிய ரோட்டுக்குப் போக முடியாது. நம் தெருவுக்குள்ளேதான். முதல் கியரை மாற்றவே இல்லை. டீக்கடை முன்னால் இடது காலை வெடுக்கென்று எடுத்துவிட்டேன், வண்டி நின்றுவிட்டது. அங்கே மொஹிங்கா சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வந்து தள்ளினார்கள். அவர்களில் பலருக்கு அப்பாவைத் தெரியாது. தள்ளின வேகத்தில் இன்ஜின் பிடித்துக்கொண்டது. ஆத்தா வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். 

பூசாரி அர்ச்சனைத் தட்டை எடுத்தார். "யாரு பேருக்கும்மா? பேரு, நட்சத்திரம் சொல்லு."

அப்பா பெயர் நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. போனவர் பெயருக்கு அர்ச்சனை செய்யக் கூடாது என்பது அப்போதுதான் உறைத்தது. அவர் நேர்ந்தது, அவர் உழைத்தது, அவர் பெயரை மட்டும் அங்கே சொல்ல முடியாது. பூசாரி தட்டோடு காத்திருந்தார். பிறகு தம்பி பெயரையும் தம்பி நட்சத்திரத்தையும் சொன்னேன். யாருக்காக அப்பா நேர்ந்தாரோ அவன் பெயர்தானே அது.

அப்பாவின் கடைசிக் காலத்தில் தூக்கி உட்காரவைத்து உதவிய கோ மின்னுக்கும், பலமுறை சோறு கொண்டுவந்த கிறிஸ்தவ வீட்டு அக்காவுக்கும், துக்க வண்டி அனுப்பிய புண்ணியவான்களுக்கும், திதி செய்து கொடுத்த ஐயருக்கும், டீக்கடையில் பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்து தள்ளியவர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது. அத்தையை யாரும் ஒன்றும் கேட்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அப்பா சிரித்துவிட்டார், அதோடு போகட்டும்.

தம்பிக்கு இந்தப் பக்கத்தைப் போட்டோ பிடித்து அனுப்புவேன். தம்பி, உன் பேருக்கு அர்ச்சனை ஆகிவிட்டது. குங்குமத்தைப் பொட்டலம் கட்டிச் சாமி மாடத்தில் வைத்திருக்கிறேன். எப்போது வர முடிகிறதோ அப்போது வந்து, உன் கையால் எடுத்துக்கொள்.