தண்ணி வருதுக்கா

எங்கள் தெருவில் ‘தண்ணி வருது’ என்றால் ஒரே அர்த்தம்தான். தெருக்குழாயில் தண்ணீர் வந்துவிட்டது, குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வா. அது எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. விடியற்காலையிலும் வரும், நடுச்சாமத்திலும் வரும். முதலில் பார்க்கிறவர் எல்லார் வாசலிலும் நின்று குரல் கொடுத்துவிட்டுத்தான் தன் குடத்தை வைக்க வேண்டும். எழுதாத சட்டம். மீறினால் தெருவே நாறிவிடும்.

பக்கத்து வீட்டுப் பெண் அந்தச் சட்டத்தை மீறிவிட்டாள் என்றுதான் எனக்கும் அவளுக்கும் சண்டை. போன ஐப்பசியில் ஒருநாள் எல்லாரையும் கூப்பிட்டவள் என்னை மட்டும் கூப்பிடவில்லை. கூப்பிட்டாளாம், எனக்குத்தான் காது கேட்கவில்லையாம். யாருக்கு? எனக்கா! பீங்கான் கம்பெனியில் சூளையிலிருந்து வரும் பியூஸ் கட்டைகளைத் தட்டிப் பார்த்துத் தரம் பிரிக்கிறவள் நான். நல்ல கட்டை கிண்ணென்று கேட்கும், கீறல் விட்டது மந்தமாகக் கேட்கும். கண்ணுக்குத் தெரியாத கீறலைக் காதால் பிடிப்பதுதான் என் பிழைப்பு. என்னிடமே வந்து காது கேட்கவில்லை என்றால் சும்மா விடுவேனா? நடுத்தெருவில் நின்று கிழித்துத் தொங்கவிட்டேன். அவள் பிறந்த வீடு வரைக்கும் இழுத்தேன். அவள் குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அன்றோடு எங்களுக்குள் பேச்சு நின்றது.

அதற்கப்புறம் சில நாள் கழித்துத்தான் அந்த மழை. இடி மின்னலுடன் கனமழை என்று சாயங்காலமே போனில் மெசேஜ் வந்தது. மழைக்காலம் முழுக்க இது ஒன்று வந்துகொண்டே இருக்கும் என்று அழித்துவிட்டேன். கம்பெனிக்கு வந்த லாரிக்காரர் வேறு, “மங்களூர்லேர்ந்து வர்ற வழியெல்லாம் கொட்டுதும்மா, வாய்க்கா, காலவா எல்லாம் ரோட்டுமேல ஓடுது” என்றார். கர்நாடகத்து மங்களூர் இல்லை, எங்களுக்கு மேற்கே இருக்கிற சின்ன ஊர். இங்கே அப்போது தூறல்கூட இல்லை. மேற்கே பெய்கிற மழை ராத்திரிக்குள் எங்கள் தெருக்கோடி ஓடைக்கு வந்து சேரும் என்று தெரியாதவளா நான்? தெரியும். ஆனாலும் அன்றைக்கு அது என் மண்டையில் ஏறவில்லை.

வீட்டில் நானும் அம்மாவும்தான். என் வீட்டுக்காரருக்குச் சூளையில் ராத்திரி வேலை. அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆகியிருந்தது. கூடத்தில் இரும்புக் கட்டிலில் படுத்தபடிதான் எல்லாம். நான் கை கொடுக்காமல் அவளால் எழுந்து உட்காரக்கூட முடியாது.

சாமத்துக்கு மேல் இங்கேயும் பிடித்துக்கொண்டது. அப்படி ஓர் இடியை நான் கேட்டதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கரண்ட் போய்ப் போய் வந்தது. டிவி ஒயரைப் பிடுங்கிவிட்டு அம்மாவின் கட்டிலை ஜன்னலை விட்டுத் தள்ளிப் போட்டேன். அப்போதுதான் கதவைப் படபடவென்று தட்டுகிற சத்தம்.

“அக்கா! தண்ணி வருதுக்கா! தண்ணி...”

மிச்சத்தை இடி விழுங்கிவிட்டது. குரல் யாருடையது என்று தெரிந்ததுமே எனக்குக் கோபம் உச்சந்தலையில் ஏறியது. ஓகோ, இன்றைக்கு மட்டும் அக்காவைக் கூப்பிட வந்துவிட்டாளா! பேரெடுக்க வேறு நேரமே கிடைக்கவில்லையா இவளுக்கு!

“உன் தண்ணி எவளுக்கு வேணும்? போடீ! நீயே புடிச்சி ரொப்பிக்கோ!” என்று உள்ளேயிருந்தே கத்தினேன்.

அவள் திரும்பவும் தட்டினாள். ஏதோ சொன்னாள். குழந்தை அழுகிற சத்தமும் கேட்டது. நான் எழுந்திருக்கவில்லை.

அம்மா சொன்னாள், “ஏண்டி, இந்த மழையில எவளாவது கொழாவத் தொறந்து பாப்பாளா? எழுந்து போய் என்னான்னு கேளு.”

“நீ சும்மா படும்மா. அவளப் பத்தி எனக்குத் தெரியும்.”

தட்டுவது நின்றுவிட்டது. போய்த் தொலைந்தாள் என்று திருப்தியாகத்தான் இருந்தது. இதை எழுதும்போது உடம்பு கூசுகிறது, ஆனால் அதுதான் உண்மை.

கொஞ்ச நேரத்தில் தெருவில் வேறு குரல்களும் கேட்டன. “தண்ணி வருது! தண்ணி வந்துடுச்சி!” ஆண், பெண் எல்லாரும் கத்தினார்கள். அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டுமே! எனக்குத் தோன்றியது என்ன தெரியுமா? அடடா, நிஜமாகவே குழாயில் வந்துவிட்டது, எல்லாரும் பிடிக்கிறார்கள், நான்தான் வீம்புக்கு உட்கார்ந்திருக்கிறேன். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, பச்சை பிளாஸ்டிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்த் தாழ்ப்பாளை நீக்கினேன்.

கதவு என்னைத் தள்ளிக்கொண்டு திறந்தது. முட்டிக்கால் உயரத்துக்குச் சேறும் செத்தையுமாக வெள்ளம் உள்ளே பாய்ந்தது. குடம் கையைவிட்டுப் போய் மிதந்தது. மின்னல் வெட்டியபோது பார்த்தேன், தெருவே இல்லை. ஓடைதான் ஓடிக்கொண்டிருந்தது.

“என்னத் தூக்குடி! என்னத் தூக்கு!” என்று அம்மா அலறினாள். கட்டிலின் விளிம்பைத் தண்ணீர் தொட்டுக்கொண்டிருந்தது. அவள் அக்குளில் கையைக் கொடுத்து இழுத்தேன். வலியில் கத்தினாள். ஓர் அங்குலம் நகரவில்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. என் அம்மா என் கண்ணெதிரே, கட்டிலில் படுத்தபடியே முழுகிப் போகப் போகிறாள் என்று நினைத்தேன்.

அப்போது வாசலில் அவள் நின்றாள். இடுப்பு வரை நனைந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு.

“மெயின எறக்குனீங்களா இல்லியா?”

இல்லை. அவளே மீட்டர் பெட்டியிடம் போய், சுவரில் மாட்டியிருந்த பிளாஸ்டிக் முறத்தின் விளிம்பால் மெயினைத் தட்டி இறக்கினாள். பிறகு நாற்காலியை இழுத்து வந்தாள். அவள் தோள்பக்கம், நான் கால்பக்கம். அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து மாடிப்படி வரைக்கும் தள்ளி, படிப்படியாகத் தூக்கினோம். நான் மொட்டைமாடிக்கே போய்விடலாம் என்றேன்.

“வேணாங்கா, மின்னல் வெட்டுது. மாடிப்படிக் கூண்டுக்குள்ளயே இருக்கலாம். தண்ணி இதுக்கு மேல ஏறாது.”

மேல்படியில் மூன்று பேரும் ஒண்டிக்கொண்டோம். அப்புறம்தான் எனக்குக் கேட்கத் தோன்றியது. “பாப்பா எங்க?”

“எதுத்த வூட்டு மாடில வுட்டுட்டு வந்தேங்கா. மொதல்ல இங்கதான் வந்தேன். எங்க வூடு ஷீட்டு வூடு, மாடிப்படி இல்ல. உங்க படில ஒக்காந்துக்கலாம்னுதான்...” என்றவள் நிறுத்திக்கொண்டாள். “அப்பறம் அம்மா ஞாபகம் வந்துச்சி. அவங்களால எழுந்திரிக்க முடியாதே.”

அதாவது, இடுப்பில் குழந்தையோடு என் படியில் இடம் கேட்டவளைத்தான் நான் போடீ என்றேன். அவள் அந்த இருட்டில், கம்பத்திலிருந்து ஒயர் அறுந்து தொங்குகிற தெருவைக் குழந்தையோடு ஒருதரம் கடந்தாள். என் அம்மாவுக்காகக் குழந்தையை விட்டுவிட்டு இன்னொருதரம் கடந்தாள். மன்னிச்சிக்கோ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். விடியும்வரை பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருந்தாள். தெருவையே அலறவைக்கிற என் வாயிலிருந்து அது வரவில்லை.

விடிந்ததும் தண்ணீர் வந்த வேகத்திலேயே வடிந்தது. சேறு நின்றது. என் வீட்டுக்காரரும் இன்னும் இரண்டு பேருமாக அம்மாவை எதிர் வீட்டு மாடிக்குத் தூக்கிப் போனார்கள். எதிர் வீட்டம்மா எல்லாருக்கும் டீ போட்டுக் கொடுத்தார். தெருப் பெண்கள் பலரும் அங்கேதான் இருந்தார்கள்.

“ஏம்மா, இந்தப் பொண்ணு மொதல்ல உங்க கதவத்தான தட்டிச்சு? மேலேர்ந்து பாத்துக்கிட்டுதான் இருந்தேன். ஏன் தொறக்கல?” என்று எதிர் வீட்டம்மா கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொன்னாள், “தூங்கிட்டோம்மா. எனக்கு மாத்திரை போட்டா ஒண்ணும் தெரியாது. அவளும் வேலைக்குப் போயிட்டு வந்த அலுப்பு.”

பக்கத்து வீட்டுப் பெண் என்னைப் பார்க்கவில்லை. “ஆமாங்க, அக்கா அசந்து தூங்கிட்டாங்க” என்றாள்.

அவள் மடியிலிருந்த குழந்தை நிமிர்ந்தது. நாலு வயசு இருக்கும். “இல்ல, அவங்க தூங்கல. உன் தண்ணி எவளுக்கு வேணும், போடீன்னு கத்துனாங்க.”

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பக்கத்து வீட்டுப் பெண் குழந்தையின் தொடையில் சுள்ளென்று ஓர் அடி வைத்தாள். “பொய் பேசுவியா? பெரியவங்கள இப்பிடித்தான் சொல்லுவியா?”

“நான் பொய் சொல்லல” என்று குழந்தை வீரிட்டது.

அதை அடிக்காதே, அது சொன்னது நெசம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அத்தனை பேர் இருந்தார்கள். குழந்தை அழுதுகொண்டே என்னையே பார்த்தது, நான் சொல்வேன் என்று. நான் குனிந்து டீயைக் குடித்தேன்.