பொத்தான் இல்லாத பக்கம்

விதி தெளிவாகவே இருக்கிறது. ஆவணத்தை ஆன்லைனில் இணைக்க இயலாத ஓய்வூதியரிடமிருந்து அலுவலர் அதை நேரில் பெற்றுக்கொண்டு, அன்றைக்கே ஒப்புகைச் சீட்டு தர வேண்டும். எங்கள் மருத்துவத் திட்டத்தின் கையேட்டில் இந்த வரிக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு அதன் திருப்பதி அலுவலகத்துக்குப் போனேன். சித்தூர் அலுவலகங்களில் இத்தகைய விதிகளைப் பிறருக்குப் படித்துக் காட்டியே சம்பளம் வாங்கியவள் நான். விதி இருப்பதும் அது நடப்பதும் வெவ்வேறு இலாகாக்கள் என்பது எனக்குத் தெரியாததல்ல.

கவுண்டரில் இருந்தவர் கையேட்டைத் தொடவில்லை.

"அந்தா ஆன்லைனே மேடம்," என்று தெலுங்கில் தொடங்கியவர், என் முகத்தைப் பார்த்துத் தமிழுக்கு மாறினார். "பேப்பர் வாங்கமாட்டோம். பட்டன் இருக்குது இல்ல, அதுலயே போடுங்க."

"பட்டன் இல்லையே."

தன் திரையை என் பக்கம் திருப்பினார். பச்சை நிறத்தில் தாராளமாக ஒரு பொத்தான். நான் என் போனை அவர் பக்கம் திருப்பினேன். 'ஆவணத்தை இணைக்கவும்' என்ற வரிக்குக் கீழே வெறும் வெள்ளை.

"உங்க போன் பழசு மேடம்."

"நானும் பழசுதான். பென்ஷன் வருதே."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவரும் சிரித்தார். காகிதத்தை மட்டும் வாங்கவில்லை. அவர் கம்ப்யூட்டரிலிருந்தே அனுப்பவும் வழியில்லை. முதலில் எந்த போனில் பதிவு செய்தோமோ அந்த போனில்தான் கணக்கு திறக்கும். பாதுகாப்பாம். மாற்ற வேண்டுமென்றால் அதற்கு ஒரு மனு.

மனுவுக்கெல்லாம் நேரமில்லை என்பதுதான் விஷயம். என் கணவரின் இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிவிட்டது. குளியலறையிலிருந்து நாற்காலிக்கு வரும் வழியில் ஃபிரிட்ஜைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஏதோ யோசிப்பவர்போல் முகத்தை வைத்துக்கொள்வார். தள்ளிப்போடாதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். திட்டத்தின் அனுமதி வந்தால்தான் அறுவைக்குத் தேதி. முதல் முறை, இணைக்கும் இடம் அடுத்த பக்கத்தில் வருமென்று நினைத்து மேலே போனேன். பக்கம் வரவில்லை, மனு போய்விட்டது. 'ஆவணம் இல்லை' என்று திரும்பியது. இன்னொரு முறை திரும்பினால் எல்லாம் முதலிலிருந்து.

மகள் திருப்பதியில் ஒரு சின்ன கம்பெனியில் வேலை பார்க்கிறாள். ஒரே இணையப் பக்கம் எல்லா பிரௌசரிலும் ஒரே மாதிரி தெரியவைப்பது அவள் வேலை. "பட்டனுக்குப் பவுடர் போடுற உத்தியோகம்" என்று நான் சொல்வதுண்டு. சாயங்காலம் எங்கள் சித்தூர் வீட்டுக்குப் பஸ்ஸில் வந்து இறங்கியவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் போனை வாங்கிப் பார்த்தாள்.

"இது இன்னாமா, புள்ளி?"

"தூசி."

"தூசி இல்லமா. இதான் பட்டன்."

விரல்களால் பக்கத்தைப் பெரிதாக்கினாள். புள்ளி எள்ளளவானது. அதைத் தொட்டாள். படங்கள் திறந்தன. அவருடைய இதய எக்கோ ரிப்போர்ட்டைத் தேர்ந்தெடுத்தாள். மறுபடி வெள்ளை.

"சேர்ந்துச்சா?"

"தெரியலமா. பேர் காட்டணும். காட்டல."

'அனுப்பு' என்ற பொத்தான் மட்டும் பளிச்சென்று தெரிந்தது. இருவரும் அதைத் தொடவில்லை. உள்ளேயிருந்து என் கணவர், "இன்னா ரெண்டு பேரும் பேச்சையே காணோம்?" என்றார். "மாத்திரை எங்க வெச்சேன்னு தேடிக்கினு இருக்கோம்," என்றேன்.

மறுநாள் போனோடு அவள் ஆபீசுக்குப் போனேன். அங்கே ஒரு அலமாரி நிறையப் பழைய போன்கள், சோதித்துப் பார்ப்பதற்கென்றே. என் போனைக் கேபிளால் தன் கம்ப்யூட்டரோடு இணைத்தாள். என் போனில் இருந்த பக்கத்தின் உள்வேலையெல்லாம் அவள் திரையில் வரிவரியாக வந்தது.

"பாரு. 'ஃபைல் எதுவும் இல்ல'ன்னு இங்கிலீஷ்ல ஒண்ணு வரும். அது அசிங்கமாக்கீதுன்னு எழுத்து சைஸை ஜீரோ பண்ணிட்டாங்க. அதுல பட்டனும் சுருங்கிடும்னு, பட்டனுக்கு மட்டும் பெருசு பண்ணி, பச்சை அடிச்சி ஒரு ரூல்."

"சரி, அந்த ரூல் எங்க போச்சு?"

"பட்டனுக்குப் பழைய பிரௌசர்ல ஒரு பேரு, புதுசுல ஒரு பேரு. ரெண்டையும் கமா போட்டு ஒரே ரூல்ல எழுதிக்கிறாங்க. உன் போனுக்குப் புதுப் பேரு தெரியாது. தெரியாத பேரு ஒண்ணு இருந்தா முழு ரூலையும் தள்ளிடும்."

இது எனக்கு உடனே புரிந்தது. பட்டியலில் ஒரு பெயர் சரியில்லையென்று இடமாறுதல் உத்தரவு முழுவதையும் திருப்பியனுப்பும் அலுவலகத்தில் இருந்தவள்தானே. புரிந்ததால் பயம் குறையவில்லை. ஒரு கமாவுக்காக அவர் ஃபிரிட்ஜைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

அவள் ரூலை இரண்டாகப் பிரித்து, பெயருக்கு ஒன்றாகத் தட்டினாள். என் கையிலிருந்த போனில், வெள்ளையிலிருந்து, பச்சைப் பொத்தான் எழுந்தது.

"அரசாங்கப் பக்கத்தைத் திருத்துறது குற்றம்டி. மனுவைத் தள்ளிட்டா? கேஸ் போட்டா?"

"உன் போன்ல மட்டும்தான் மாறிச்சிமா. பேஜை மூடினா போயிடும். நீ கண்ணாடி மாட்டிக்கினு படிக்கிற மாதிரி."

"கண்ணாடிக்கு விதி இருக்குது."

"நைனாவுக்கு இன்னா விதி இருக்குதுன்னு பார்த்துக்கினு உட்காரலாமா?"

நான் பொத்தானைத் தொட்டேன். ரிப்போர்ட்டைத் தேர்ந்தெடுத்தேன். எழுத்துக்கும் அவள் அளவு கொடுத்திருந்ததால் கோப்பின் பெயர் இம்முறை தெரிந்தது. அவள் வாய்விட்டுப் படித்தாள், நான் படித்தேன், மறுபடி அவளைப் படிக்கச் சொன்னேன். அனுப்பினேன். 'பரிசீலனையில்' என்று வந்தது. அந்தச் சொல்லை என் காலத்தில் நானும் எத்தனையோ கோப்புகளில் எழுதியிருக்கிறேன். வாசலில் நிற்பவருக்கு அதன் அர்த்தம் என்ன என்று அப்போது யோசித்ததில்லை.

அதன்பிறகு போன் அதிர்ந்தால் அடுப்பை அப்படியே விட்டு ஓடுவேன். பால்காரர் அழைத்தாலும் அப்படித்தான். என் கணவர் இப்போது ஃபிரிட்ஜ் வரைகூட வருவதில்லை. கட்டிலிலேயே தலையணைகளைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். சட்டை அவருக்குப் பெரிதாகிக்கொண்டே போனது. தினமும் பக்கத்தைத் திறந்து பார்ப்பேன். 'பரிசீலனையில்.'

செய்தி வந்தபோது நான் அதைத் திறக்கவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றேன்.

"கொண்டா இங்க," என்றார் அவர். "எனக்குத்தானே வந்துக்கீது."

கையை நீட்டிவைத்து மெதுவாகப் படித்தார். நடுவில் மூச்சுக்காக நிறுத்தியபோது நான் பாதியிலேயே செத்தேன்.

"குடுத்துட்டாங்க," என்றார். "டாக்டருக்கு போன் போடு."

வெளியே திருப்பதி மலைக்குப் போகும் பஸ்களில் கூட்டம் தொங்கிக்கொண்டு போனது. அன்று புரட்டாசி முதல் சனிக்கிழமை.