மூக்கம்மாள் ஒப்பாத கழிவு

விருதுநகர் மிளகாய்க் கிட்டங்கியில் காம்பு கிள்ளும் மூக்கம்மாளுக்கு ஒரே ஓர் ஆசைதான். ராக்கப்பன் ஜெயிலிலேயே சாக வேண்டும். கண்மாய் மடைத் தகராறில் ஊர்க்காவலன் என்ற அவள் புருஷனை வெட்டிச் சாய்த்த பாவி அவன். 1953-இல் கோர்ட்டில் ஆயுள் தண்டனை என்றார்கள். தூக்கில் போடவில்லையே என்று வயிறெரிந்தாலும், ஆயுள் என்றால் கட்டை வேகும்வரை என்று நினைத்து மனதைத் தேற்றிக்கொண்டாள். சட்டத்துக்கு ஆயுள் வேறு கணக்கு என்று அவளிடம் யார் சொன்னார்கள்?

ஒன்பது வருஷம் கழித்து ஒரு மத்தியானம் நன்னடத்தை அதிகாரி சீனிவாசகம் கிட்டங்கிக்கு வந்தார். நெடி தாங்காமல் நாலு தும்மல் தும்மிவிட்டு விஷயத்தைச் சொன்னார்.

"ராக்கப்பன் முன்கூட்டியே விடுதலை கேட்டு மனுப் போட்டிருக்கான்மா. ஒழுங்கா இருந்ததுக்கும் வேலை பார்த்ததுக்கும் தண்டனையில கழிவு கொடுத்திருக்காங்க. அதையும் சேர்த்தா மனுப் போடத் தகுதி வந்துருச்சு. அவன் வெளிய வர்றதுல உங்களுக்கு ஆட்சேபணை உண்டான்னு எழுதணும்."

கழிவு என்ற சொல்தான் அவளைச் சுட்டது. மூட்டைக்கு இவ்வளவு என்று வியாபாரி எடையில் தள்ளுவதற்கும் அதே பெயர்தான்.

"எங்களுக்குக் கழிவுன்னா காம்பும் சொத்தையும்யா. என் புருசன் உசுருல எதைச் சொத்தைன்னு தள்ளுனீக?"

அதிகாரி பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். பாவம், சட்டம் அவர் எழுதியதா என்ன?

"ஆட்சேபணை இல்ல, விட்டுருங்க," என்றாள் மூக்கம்மாள். "பஸ்ஸை விட்டு இறங்குற இடத்துல அருவாளோட நான் நிப்பேன். வீடு போய்ச் சேர மாட்டான். அப்படியே எழுதிக்கிடுங்க."

வாய்ச்சவடால் இல்லை, மனதாரச் சொன்னாள். சீனிவாசகம் ஒரு வார்த்தை விடாமல் எழுதினார்.

"வெளிய வந்தா உயிருக்கு ஆபத்துன்னு மனுவைத் தள்ளிருவாங்கம்மா. இப்போதைக்கு அவன் வர மாட்டான்."

கைக்கு வந்த பழி நழுவியதில் முதலில் அவளுக்கு ஆத்திரம்தான் வந்தது. அப்புறம் மெதுவாகக் கேட்டாள்.

"மறுக்காவும் மனுப் போடுவானா?"

"போடலாம்."

"அப்பவும் என்னையக் கேப்பீகளா?"

"நீங்க இருந்தா கேப்போம்."

புருஷன் போனபின் இந்த உசுரு எதற்கு என்று ஒருவேளைக் கஞ்சியோடு நாளைத் தள்ளியவள், அன்று பக்கத்தில் இருந்த செல்லத்தாயின் தூக்குச்சட்டியை எட்டி இழுத்தாள்.

"எனக்கும் ரெண்டு கை சோறு போடுக்கா," என்றாள். "அவனுக்கு முந்தி நான் செத்துரக் கூடாது."