ஊருக்கெல்லாம் கருநாக்கு

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அரூரில் தானிய மண்டி வைத்திருந்த என் அப்பாவுக்கு அதைவிட ஒரு படி கூடுதலாக வரும். அதனால் எழுபதுகளின் தொடக்கத்தில், மொழியியலில் ஆய்வு செய்யப்போகிறேன் என்று நான் வாயைத் திறந்த அன்று எங்கள் வீட்டில் ஒருவரும் நிம்மதியாகச் சாப்பிடவில்லை.

"பேச்சப் பத்திப் படிக்கறதுக்கு ஒரு படிப்பா? உனக்குத்தான் வேணுங்கறதுக்கு மேலயே பேசத் தெரியுதே!" என்றார் அப்பா.

அழுதேன், சண்டை போட்டேன், சோற்றுத் தட்டைத் தள்ளினேன். கடைசியில் அவர் மண்டிக்காரர் பாணியில் ஒரு கெடு வைத்தார். "கடலக்கா புடுங்கற வரைக்கும் டைம். அதுக்குள்ள என்னமோ படம் எடுக்கோணும்னியே, அத எடுத்துக் காட்டு. உங்க புரொபசர் மேல படின்னு சொன்னா படி. இல்லீன்னா சேலத்து மாப்பிள்ளைக்குக் கழுத்த நீட்டிடு." சேலத்து மாப்பிள்ளையை நான் ஒரே ஒரு முறை பார்த்திருந்தேன். அவர் பேசியதெல்லாம் அவருடைய வயிற்றுப் புண்ணைப் பற்றித்தான்.

என்ன படம் என்று சொல்லிவிடுகிறேன். உலகத்தில் ஆயிரக்கணக்கான மொழிகள் இருக்கின்றன. ஆனால் மெய்யொலி பிறக்க வாய்க்குள் இருக்கும் இடங்களோ கொஞ்சம்தான்: உதடு, பல், பல்லுக்குப் பின்னால் இருக்கும் மேடு, அண்ணம், தொண்டை, அவ்வளவே. எந்த நாட்டுக் குழந்தையும் பெரும்பாலும் ‘ம’, ‘ப’ என்றுதான் ஆரம்பிக்கிறது. உதட்டை மூடித் திறந்தால் போதும், செலவில்லாத சரக்கு. ஒரு தீவு மொழி எட்டே எட்டு மெய்யொலிகளை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்துகிறது. ஆப்பிரிக்காவின் தெற்கே சில மொழிகளில் நாக்கைச் சொடுக்குவதே ஓர் எழுத்து. நம் ‘ட’, ‘ண’, ‘ள’ போல நாக்கை மேலே மடித்துச் சொல்லும் ஒலிகள் உலகத்தின் பெரும்பாலான மொழிகளில் கிடையாது. நம் நாட்டிலோ தெருவுக்குத் தெரு கிடைக்கும். என் கேள்வி இதுதான்: தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது எல்லாம் பேசும் ஒரே ஊரில், நாக்கு ‘ட’வுக்கு ஒரே இடத்தைத் தொடுகிறதா, மொழிக்கு மொழி இடம் மாறுகிறதா?

அதைக் கண்டுபிடிக்கும் வழி கொஞ்சம் அசிங்கமானது. தேங்காய்த்தொட்டிக் கரியை நைசாக அரைத்து, தேனில் குழைத்து, பேசுகிறவரின் நாக்கில் தூரிகையால் பூச வேண்டும். அவர் ‘ஆடு’ என்று ஒரு முறை சொல்ல வேண்டும். பிறகு ஆவென்று வாயைத் திறந்தால், நாக்கு தொட்ட இடத்தில் அண்ணத்தில் கரி ஒட்டியிருக்கும். சின்னக் கண்ணாடியை வாய்க்குள் பிடித்து, அதைப் படம் எடுக்க வேண்டும். ஒருவருக்கு நாலைந்து சொல். ‘ஆடு’, ‘ஆணி’, ‘ஆளு’, இப்படி.

காரிமங்கலத்திலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஓர் ஊரைப் பிடித்தேன். கன்னடம் பேசும் ஒரு வீட்டில் அறை கிடைத்தது. வீட்டுக்கார அக்கா முப்பத்தைந்து வயதுக்காரி. வாய் மட்டும் இரண்டு ஆளுக்குச் சமம். கணவனைக் கன்னடத்தில் திட்டுவாள், மாமியாரைத் தெலுங்கில் திட்டுவாள், தபால்காரரைத் தமிழில் திட்டுவாள். என் ஆய்வுக்கென்றே செய்து வைத்ததுபோல் இருந்தாள். ஆப்பிரிக்காவின் சொடுக்கு ஒலியை அவளுக்குச் செய்து காட்டினேன். "இதுக்கு அவ்வளவு தொலவு போவோணுமா? எங்க வூட்டுக்காரரு ஏர் ஓட்டறப்ப பாரு, நாள் பூரா அதேதான் பேசுவாரு" என்றாள்.

முதல் நாள் அவளைத்தான் உட்கார வைத்தேன். நாக்கை நீட்டினாள், பூசினேன். அவள் ‘ஆடு’ என்று சொல்லப்போன நேரம், வாசலில் காயப்போட்டிருந்த ராகியில் பக்கத்து வீட்டுப் பசு வாயை வைத்தது. பக்கத்து வீட்டுப் பெரியம்மா தெலுங்குக்காரர். அவருக்கும் அக்காவுக்கும் அந்தப் பசுவை வைத்து ஏற்கனவே ஒரு பகை ஓடிக்கொண்டிருந்தது. அக்கா ஆட்டையும் ஆணியையும் மறந்தாள். எழுந்து நின்று, கரி பூசிய நாக்கை நீட்டி, ஊர் கேட்கக் கத்தினாள்: "உன் மடி வத்திப் போவ!"

அந்த வாரமே பசுவின் மடி வற்றிவிட்டது.

நாக்கில் கருமை இருப்பவர்கள் சொன்னது பலிக்கும் என்று நம் பக்கத்தில் நம்பாதவர் யார்? கருநாக்குக்காரர் எதிரில் வந்தால் பிள்ளையைச் சேலைக்குள் மறைக்கிற ஊர் அது. பிறவியிலேயே கருநாக்கு இருந்தால் அது அவர் விதி. அரூரிலிருந்து ஒருத்தி டப்பாவில் கொண்டுவந்து பூசிவிடுகிறாள் என்றால்? பக்கத்து வீட்டுப் பெரியம்மா என் அறை வாசலில் வந்து நின்றுகொண்டு, "நீ படிக்க வந்தியா, பில்லி வெக்க வந்தியா?" என்று கேட்டார்.

"அது வெறும் கரி பெரியம்மா! பல்லு வெளக்கறதும் கரியிலதானே? பல்லு வெளக்கிட்டு ஊருல யாரும் சாபம் குடுக்கறதில்லியா?" என்று நான் கத்தினேன். என் அறிவியல் எடுபடவில்லை. என்னைக் கண்டால் ஆட்கள் வாயை இறுக மூடிக்கொண்டு போனார்கள். மெய்யொலி ஆராய்ச்சிக்காரிக்கு இதைவிடப் பெரிய தண்டனை உண்டா? கடலைச் செடியோ என் கண் முன்னாலேயே பூத்து, மண்ணுக்குள் விழுது இறங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு காலையும் அதைப் பார்க்கும்போது எனக்குச் சேலத்து வயிற்றுப் புண் ஞாபகம் வரும்.

ஊர்ப் பெரியவர்கள் கூடி ஒரு வழி சொன்னார்கள். அதே கரி, அதே நாக்கு, அதே வாய்; சொன்ன சாபத்தை வரமாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். அக்கா ஒப்பவில்லை. "மொதல்ல மாட்டக் கட்டச் சொல்லு" என்றாள். "மொதல்ல மடிய வரச் சொல்லு" என்றார் பெரியம்மா. இரண்டு பேருக்கும் நடுவில் தூரிகையும் கையுமாக நான் நின்ற கோலத்தை என் புரொபசர் பார்த்திருந்தால் வேறு வேலைக்குப் போயிருப்பார். ஒரு வழியாக மாட்டைக் கட்டினார்கள். நான் பூசினேன். அக்கா பசுவின் எதிரில் போய் நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு, "நல்லாக் கற" என்றாள்.

மாடு நிறைசினை. கன்று போடுவதற்கு முன்னால் மடி வற்றத்தான் செய்யும் என்பதைக் கோபத்தில் இருந்த யாரும் யோசிக்கவில்லை. ஒரு மாதத்துக்குள் கன்று போட்டது, செம்பு செம்பாகக் கறந்தது. சீம்பால் காய்ச்சி முதல் கிண்ணத்தைப் பெரியம்மா அக்காவுக்குத்தான் கொடுத்தனுப்பினார்.

மறுநாள் காலையில் கதவைத் திறக்கிறேன், வாசலில் வரிசை! என்னைக் கண்டு ஓடியவர்களெல்லாம் நாக்கைக் கழுவிக்கொண்டு வந்து நிற்கிறார்கள். "எனக்கும் கொஞ்சம் பூசி வுடுங்க டீச்சர், ஒண்ணே ஒண்ணு சொல்லிக்கிறேன்."

இது மூடநம்பிக்கை என்று கத்த வாயெடுத்தேன். கடலைக் காடு கண்ணில் பட்டது. வாயை மூடிக்கொண்டேன். "மொதல்ல என் சொல்லு, படம் எடுத்த பொறவு உங்க சொல்லு" என்று சட்டம் போட்டேன்.

அப்புறம் நடந்ததைக் கேட்க வேண்டுமே! ஒருவர் ‘ஆணி’ சொல்லி முடித்து, கிருஷ்ணகிரி பஸ் ஊருக்குள் நின்று போகட்டும் என்றார். ஒரு விவசாயி ‘ஆளு’ சொல்லிவிட்டு, மழை வரட்டும், என் காட்டுக்கு மட்டும் வந்தாலும் போதும் என்றார். சந்தையில் வளையல் விற்கும் முஸ்லிம் பெரியவர் ஒருவர் உருதுவில் நாலு சொல் அழகாகச் சொல்லிக் கொடுத்துவிட்டு, கடைசியில் தமிழில், "சந்தை நாள்ல மட்டும் மழ வேணாம்" என்றார். அந்த வாரச் சந்தையன்று, ஒருவருக்கும் உதவாத தூறல் போட்டது. இரண்டு பேரும் சேர்ந்து வந்து என்னைத் திட்டினார்கள். கரியில் கலப்படமாம்.

படங்கள் சேர்ந்தன. ஸ்டுடியோவில் கழுவிக் கொண்டுவந்து பரப்பிப் பார்த்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கன்னடக்கார அக்காவுக்கும் தெலுங்குக்காரப் பெரியம்மாவுக்கும் வளையல்கார பாய்க்கும் ‘ட’வின் கரி அண்ணத்தில் அனேகமாக ஒரே இடத்தில் இருந்தது. வாசலுக்கு வெளியே ராகிக்கும் மாட்டுக்கும் அடித்துக்கொள்கிறவர்கள், வாய்க்குள்ளே ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அக்காவிடம் காட்டினேன். "அவ வாயும் என் வாயும் ஒண்ணா? போ புள்ள!" என்று அவளுக்கு வருத்தமாகிவிட்டது.

எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. அக்காவின் ‘ணகர’ப் படம் ஒன்றுதான் சரியாக விழவில்லை. அதையும் எடுத்துவிட்டால் கிளம்பலாம். அவள் நாக்கில் கரியைப் பூசித் தூரிகையைக் கீழே வைக்கிறேன், வாசலில் அப்பா.

வெள்ளை வேட்டி, குடை, முகத்தில் கல்யாணக் களை. "கெளம்பு கண்ணு. வெள்ளிக்கெழம சேலத்துக்காரங்க பொண்ணு பாக்க வராங்க."

"கடலக்கா இன்னும் புடுங்கலியேப்பா! நீங்கதானே டைம் குடுத்தீங்க!"

"மாப்பிள்ளைக்கு அவசரமாம். படமெல்லாம் போதும், மூட்டையக் கட்டு."

எனக்கு எப்போதும் வரும் கோபம் அன்று வரவில்லை. அழுகைதான் வந்தது. படங்களைச் சுருட்டத் தொடங்கினேன்.

அக்கா எழுந்தாள். அப்பாவுக்கு நேர் எதிரே போய் நின்றாள். வணக்கம் சொல்வாள் என்று நினைத்தேன். வாயை அகலமாகத் திறந்து, கன்னங்கரேலென்ற நாக்கை முதலில் நன்றாகக் காட்டினாள். பிறகு நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்:

"இந்தப் பொண்ணு படிச்சு முடிக்காத வரைக்கும் இவ கழுத்துல தாலி ஏறாது. மீறி ஏத்துனா நெலைக்காது."

அப்பா பூனை குறுக்கே போனால் மண்டியைத் திறக்கவே தயங்குகிற மனிதர். பசு மாட்டுக் கதையைக் காரிமங்கலம் பஸ்ஸிலேயே அவர் காதில் போட்டிருக்கிறார்கள். குடையை ஊன்றிக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏம்மா," என்றார் மெதுவாக, "மாட்டுக்குத் திருப்பிச் சொன்னீங்களாமே. அது மாதிரி இதையும்..."

"மாட்டுக்குத் திருப்பலாமுங்க," என்றாள் அக்கா. "மனுசருக்குத் திருப்ப முடியாதுங்க."

அப்பா குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "எவ்வளவு நாளாவும் இந்தப் படிப்பு?"

"ரெண்டு மூணு வருசமாவும்ப்பா."

"சீக்கிரமா முடிச்சுத் தொல! நடுவுல நிறுத்தின, தோல உரிச்சுருவேன்!" என்று கத்திவிட்டு, கொடுத்த மோரைக்கூடக் குடிக்காமல் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். அதற்குப் பிறகு, ஆய்வேட்டை நான் கொடுத்து முடிக்கும் வரை, எந்த ஊரில் எந்த நல்ல காரியத்துக்குப் போனாலும் அவர் என்னைப் பற்றிச் சொன்னது ஒன்றுதான்: "படிக்கறா, தொந்தரவு பண்ணாதீங்க."

பஸ் போன சத்தம் கேட்டதும் நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். சிரிப்பும் வந்தது, அழுகையும் நிற்கவில்லை. "அக்கா, கருநாக்கு பலிக்கும்னு நீங்க நெசமாலுமே நம்பறீங்களா?" என்று கேட்டேன்.

"நான் நம்பினா என்ன, நம்பாட்டி என்ன? உங்கப்பாரு நம்பறாரில்ல?" என்றாள் அவள். செம்புத் தண்ணீரை எடுத்து வாய் கொப்பளித்துத் துப்பினாள். முகத்தைச் சேலையில் துடைத்துக்கொண்டு மறுபடி என் முன்னால் வந்து உட்கார்ந்து, நாக்கை நீட்டினாள்.

"பூசு. ‘ஆணி’ பாக்கியிருக்குதுன்னியே."