தள்ளிவைத்த வியாழக்கிழமை

“நீ தாள்ல எழுதி ஒட்டுனத நம்பி நான் சோலிய விட்டுட்டு வரணுமாக்கும்?”

போடியில் எங்கள் வீட்டு அடுப்படியில் நின்றுகொண்டு அத்தை இப்படிக் கேட்டாள். அம்மாவின் அண்ணன் மனைவி. அம்மாவும் அவளும் பத்து வருடமாக ஒரே ஜீப்பில் மலைக்குப் போய் ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கிறவர்கள்.

“யுனிவர்சிட்டி அத்த. தேதி போட்டா போட்டதுதான்” என்றேன்.

அந்தப் பதிலைச் சொன்னபோது எனக்கு இருந்த மிடுக்கை இப்போது நினைத்தால் கூசுகிறது. ஆனால் அன்றைக்கு அந்த மிடுக்குக்குக் காரணம் இருந்தது. பல்கலைக்கழகத்தில் எங்கள் துறை வாராவாரம் ‘வரும் வார நிகழ்வுகள்’ என்று ஒரு தாள் வெளியிடும். அதை எழுதுவது நான். ரத்ததான முகாம், கபடித் தேர்வு, வினாடிவினா, கோலப்போட்டி, வெளியூர்ப் பேராசிரியரின் உரை என்று எது நடந்தாலும் நாள், நேரம், எந்த அரங்கம் என்பதை வரிசையாக எழுதி, நூலக வாசலிலும் கேன்டீன் சுவரிலும் விடுதி மெஸ்ஸிலும் ஒட்டுவேன். பிறகு படம் எடுத்து வாட்ஸப் குழுக்களில் போடுவேன். தட்டை ஏந்திக்கொண்டு என் எழுத்தின் முன்னால் நின்று, எதற்குப் போகலாம் என்று பிள்ளைகள் பேசிக்கொள்வதைத் தள்ளி நின்று கேட்டிருக்கிறேன். என் அப்பா தன் பெயரைக் கையெழுத்தாகப் போடக் கற்றுக்கொண்டதே என் விடுதி விண்ணப்பத்துக்காகத்தான். அம்மாவுக்கு இன்னும் கைநாட்டு. அந்த வீட்டிலிருந்து வந்தவள் எழுதியதைப் பார்த்து ஒரு பல்கலைக்கழகமே தன் வாரத்தைத் திட்டமிடுகிறது என்று நினைப்பேன். யாரிடமும் சொன்னதில்லை. நடையில் தெரிந்திருக்கும்.

உழைக்கும் பெண்களை மேடைக்கு அழைத்து மாணவர்களோடு பேச வைக்கலாம் என்று எங்கள் பேராசிரியை சொன்னபோது முதலில் கை தூக்கியது நான். அத்தையின் பெயரைச் சொன்னேன். அத்தை வாயைத் திறந்தால் அடிவாரத்து முந்தலிலிருந்து மலை மேலிருக்கும் மெட்டு வரை ஜீப்பில் யாருக்கும் குளிர் தெரியாது. அட்டைப்பூச்சி கடித்ததைக் கூடக் கல்யாணக் கதை மாதிரி சொல்லுவாள். செடியின் அடியில் தரையோடு படர்ந்த காய்ச்சரத்தை அவள் விரல் தொட்டாலே போதும், விளைந்த காய் எது, விடவேண்டிய பிஞ்சு எது என்று பார்க்காமலே தெரியும். இதை எங்கள் பிள்ளைகள் கேட்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன். அந்த ஆசையில் பொய்யில்லை.

ஆனால் காய் எடுப்பு நடக்கும்போது ஒரு நாள் லீவு என்பது என்ன என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஜீப்பில் இருக்கும் இடம்தான் வேலை. ஒருத்தி நிற்கவேண்டுமென்றால் அவளே இன்னொருத்தியைத் தேடிப்பிடித்து ஜீப்பில் ஏற்றிவிட வேண்டும். ‘ஆள் மாத்தி விடுறது’ என்பார்கள். மாற்றாக வந்தவள் கை சுமாராக இருந்தால் மறுநாள் பழைய ஆள் ஏறிக்கொள்ளலாம். கை நன்றாக இருந்துவிட்டால், “இவளே வரட்டும்” என்று தோட்டத்தில் சொல்லிவிடுவார்கள். அதனால்தான் சாவுக்கும் கல்யாணத்துக்கும் தவிர யாரும் நிற்பதில்லை. நின்றாலும் தன்னைவிட மந்தமான ஆளாகப் பார்த்துத்தான் அனுப்புவார்கள்.

“ஒரு நாள்தான அத்த” என்றேன்.

“ஒரு நாள்ல என்னென்னமோ நடக்கும்த்தா” என்றாள். ஆனாலும் ஒப்புக்கொண்டாள். “நாத்துனா மக மேடையேத்துறேங்குறா, மாட்டேம்பாகளா” என்று என் அம்மாவைச் சீண்டினாள். “அது சரி, அங்க போயி என்னத்தப் பேசப் போற மதினி?” என்று அம்மா சிரித்தாள். நிகழ்ச்சி நாளான வியாழக்கிழமைக்குப் பக்கத்து ஊரான சிலமலையிலிருந்து ஒரு புதுப்பெண்ணை அத்தை ஏற்பாடு செய்தாள். தோட்டத்துக்கே போயிராத பெண் என்று கேள்வி.

செவ்வாய்க்கிழமை மதியம் பேராசிரியை என்னைக் கூப்பிட்டார். தலைமை தாங்க வருபவருக்கு வேறு வேலை வந்துவிட்டது, அடுத்த வியாழக்கிழமைக்கு மாற்றிவிடு என்றார். பத்தே நிமிடத்தில் தாள்களில் பழைய தேதியை அடித்துப் புதிய தேதியை எழுதினேன். அரங்கத்தின் கதவில் ஒன்று ஒட்டினேன். எல்லாக் குழுக்களுக்கும் அனுப்பினேன். “சூப்பர் ஸ்பீடு” என்று யாரோ கட்டைவிரல் படம் போட்டார்கள். வேலை முடிந்தது என்று இருந்துவிட்டேன். எழுதிவிட்டால் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது என்று எப்போது நினைக்க ஆரம்பித்தேனோ தெரியவில்லை. அத்தையிடம் இருப்பது பட்டன் போன். அவளுக்கு எழுத்து தெரியாது.

வியாழக்கிழமை பத்து மணிக்கு நூலகத்துக்கு வாட்ச்மேன் வந்தார்.

“ஒங்க ஊர்க்காரம்மா ஒருத்தங்க அரங்கத்து முன்னாடி உக்காந்திருக்காங்க. கூட்டம் இல்லம்மான்னா, எங்க வீட்டுப் புள்ள போட்ட தேதிங்குறாங்க.”

அத்தை அடித்துத் திருத்திய என் தாளுக்குக் கீழேதான் உட்கார்ந்திருந்தாள். நல்ல சேலை, தலை நிறையப் பூ. மடியில் ஒரு துணிப்பை. பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காக ஒரு முழுச் சரத்தை ஈரத்துணியில் சுற்றி, காம்பு ஒடியாமல் கொண்டுவந்திருந்தாள்.

“என்னத்தா, கூட்டத்தையே காணோம்? எல்லாரும் எனக்குப் பயந்து ஓடிட்டாகளா?”

“அடுத்த வாரத்துக்கு மாத்திட்டாங்க அத்த. சொல்ல மறந்துட்டேன்.”

ஒரு கணம் என்னையே பார்த்தாள். பிறகு சிரித்தாள். “போகுது விடு. புருசன் வீட்டுக்கு வந்த நாள்ல இருந்து இன்னிக்குத்தான் வெறுங்கைய வச்சிக்கிட்டு உக்காந்திருக்கேன்.” கேன்டீனில் எலுமிச்சைச் சோறு வாங்கிக்கொடுத்தேன். சுவரில் இருந்த தாளை வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். “கோலம் போடுறதுக்கு நோட்டீசா? எங்க தெருவுல ஒருத்திக்கும் தெரியாமப் போச்சே, ஆளுக்கொரு நோட்டீசு ஒட்டியிருப்பாளுகளே” என்றாள். சரத்திலிருந்து காயை ஆய்ந்து, பாதியை டீ மாஸ்டரிடமும் பாதியை வாட்ச்மேனிடமும் கொடுத்துவிட்டு மதியம் பஸ் ஏறிவிட்டாள்.

மறந்துவிட்டேன் என்று அத்தையிடம் சொன்னேன். அம்மாவிடமும் அதையேதான் சொன்னேன். நான் மறக்கவில்லை.

புதன்கிழமை மாலை ஏழு மணிக்கு மெஸ் வரிசையில் நிற்கும்போது ஞாபகம் வந்தது. போனை எடுத்தேன். அத்தையின் எண்ணையும் எடுத்துவிட்டேன். அழுத்தவில்லை. ‘தேதி போட்டா போட்டதுதான்னியே’ என்று அவள் கேட்கப்போவது காதில் விழுந்தது. அதோடு விடமாட்டாள். மறுநாள் ஜீப்பில் என்னைப் போலவே பேசிக் காட்டுவாள். முந்தலிலிருந்து மெட்டு வரை பன்னிரண்டு பேர் என்னை வைத்துச் சிரிப்பார்கள். படித்த பிள்ளை, படித்த பிள்ளை என்று என் அம்மாவைப் பொறாமையாகப் பார்க்கிறவர்கள். கொஞ்சம் கழித்துப் பேசிக்கொள்ளலாம் என்று போனைப் பைக்குள் போட்டேன். சப்பாத்தி சாப்பிட்டேன். பிறகு காலையில் பேசலாம் என்று படுத்தேன். விழித்தபோது ஆறரை. ஜீப்பு போயிருக்கும், இனி சொல்லி என்ன என்று சமாதானம் செய்துகொண்டு நூலகத்துக்குப் போனேன். அம்மா எப்படியாவது கேள்விப்பட்டுச் சொல்லியிருப்பாள் என்று கூட நினைத்துக்கொண்டேன். அம்மா எப்படிக் கேள்விப்பட்டிருப்பாள்? அவளும் என் தாள்களைப் படிக்க முடியாதவள்தானே.

வெள்ளிக்கிழமை அத்தைக்கு ஜீப்பில் இடமில்லை. சிலமலைப் பெண் கல்யாணத்துக்கு முன்னால் தேவாரம் பக்கம் மலைச்சரிவில் காய் எடுத்துப் பழகியவளாம். கை பறந்ததாம். அவளே வரட்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு போனில் அம்மா ஒவ்வொரு நாளும் பேச்சை முடிக்கும்போது, “ஒங்கத்த இன்னிக்கும் வீட்லதான்” என்பாள். குற்றம் சொல்லும் குரல் இல்லை. மழை பெய்தது, பெய்யவில்லை என்பது மாதிரி சொல்லுவாள்.

அடுத்த வியாழக்கிழமை நிகழ்ச்சி நன்றாகவே நடந்தது. செங்கல் சூளையில் வேலை செய்யும் பெண் ஒருவரும், நகராட்சித் துப்புரவுப் பணியாளர் ஒருவரும் வந்து பேசினார்கள். வரவேற்புரை என்னுடையது. கைதட்டினார்கள். “உங்க அத்தை வரலையா?” என்று பேராசிரியை கேட்டார். “காய் எடுப்பு நேரம் மேடம், லீவு கிடைக்காது” என்றேன். அந்த நேரத்தில் அத்தை போடியில் வீட்டில் உட்கார்ந்திருந்தாள்; மறுபடி கூப்பிட எனக்கு முகமில்லை.

அந்தச் சனிக்கிழமை ஊருக்கு வந்தேன். சாயங்காலம் ஜீப்புகள் மலையிலிருந்து இறங்கும் நேரத்தில் ஸ்டாண்டுக்குப் போய், அம்மா போகும் ஜீப்பின் டிரைவரைப் பார்த்தேன்.

“அண்ணே, எங்கத்தைக்கு எடம் வேணும்ணே.”

“எடம் ஏங்கைலயா தாயி இருக்கு? சூப்பர்வைசர் சொல்றதுதான்.”

“அந்தச் செலமலப் புள்ளய எறக்கச் சொல்லல…”

“அத ஏன் எறக்கணும்? அதுவும் பொழைக்கத்தான வருது.” ஸ்டியரிங்கில் சாய்ந்துகொண்டார். “அடுத்த ஜீப்புல ஒரு ஆளு புள்ளப்பேறுக்கு நிக்கிது. திங்கக்கெழமலருந்து அந்த எடம் காலி. ஒங்கத்தயச் சொன்னேன். வேண்டாம்னுட்டாரு.”

“ஏண்ணே?”

“கூட்டம் கூட்டம்னு சொல்லி ஆள் மாத்திவிட்டுப் போச்சுல்ல? கூட்டமே நடக்கலன்னு மேல தோட்டத்துல தெரிஞ்சு போச்சு. பொய் சொல்லிட்டு ஊர் சுத்தப் போயிருக்குன்னு நெனச்சுட்டாரு. ஒங்கத்த ஆளனுப்பிச் சொல்லிப் பாத்துச்சு, புள்ள சொல்ல மறந்துருச்சுன்னு. ‘தேதி எழுதுற புள்ள எப்பிடி மறக்கும்’னு கேக்குறாரு.”

சரியான கேள்வி. அதற்குப் பதில் தெரிந்த ஆள் நான் ஒருத்திதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை அத்தை வீட்டுக்குப் போனேன். மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து நானும் நாலு காயை எடுத்து உரித்தேன். பிறகு சொன்னேன். மறக்கவில்லை, தெரிந்தேதான் சொல்லாமல் விட்டேன் என்று.

அவள் கை நிற்கவில்லை. “என்னைக்கு ஞாபகம் வந்துச்சு?”

“புதங்கெழம சாயங்காலம்.”

“எத்தன மணி இருக்கும்?”

“ஏழு.”

“எட்டு மணிக்குத்தான் அந்தப் புள்ளைக்குப் பேசுனேன். காலைல வெரசா வந்துரு, ஜீப்பு நிக்காதுன்னு.”

உரித்த தோலை ஓரமாக ஒதுக்கினாள்.

“எதுக்குச் சொல்லல?”

“ஜீப்புல சொல்லிச் சிரிப்பீங்கன்னு.”

ஒரு மொச்சையை உரித்து, கிண்ணத்தில் போட்டு, அடுத்ததை எடுத்தாள். “சிரிச்சிருப்போந்தான். மெட்டு வர சிரிச்சிருப்போம். அதுக்கப்புறம் எறங்கி, காய் எடுக்கப் போயிருப்பேன்ல?”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் திட்டவில்லை. சாப்பிட்டுப் போ என்றும் சொல்லவில்லை. அந்த வீட்டில் என்னிடம் அப்படிச் சொல்லாதது அன்றைக்குத்தான் முதல் தடவை.

“நான் மேல வந்து சூப்பர்வைசர்ட்ட சொல்றேன் அத்த. நீங்களும் வாங்க.”

“நான் எதுக்கு? நான் எதும் மறைக்கலயே. நீ போயிச் சொல்லு.”

திங்கட்கிழமை பேச்சுப்போட்டியின் இறுதிச் சுற்று. அதில் நானும் இருந்தேன். வர இயலாது என்று பேராசிரியைக்குச் செய்தி அனுப்பினேன். காரணத்தையும் எழுதினேன், லீவு கிடைக்காது என்று நான் சொன்னது பொய் என்பது உட்பட. அந்த வாரத் தாளை எழுதும்படி அறைத்தோழியைக் கேட்டுக்கொண்டேன்.

விடியும் முன்னே அம்மாவோடு ஜீப்பில் ஏறினேன். உட்கார இடமில்லை. அம்மாவின் மடியில் பாதி, சாக்கு மூட்டையில் பாதி.

“என்னடி, மலையில நோட்டீசு ஒட்டப் போறியா?” என்றாள் ஒருத்தி. “பாத்துடி, அட்டப்பூச்சிதான் வந்து படிக்கும்” என்றாள் இன்னொருத்தி. ஜீப்பே சிரித்தது. அம்மா மட்டும் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடமும் முந்தின நாள் இரவு சொல்லியிருந்தேன். ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருந்த சிலமலைப் பெண் சிரிக்கவில்லை. நான் எதற்கு வருகிறேன் என்று தெரியாமல், தன் இடத்துக்குத்தான் வருகிறேனோ என்று பயந்த முகம். “ஒன் எடத்துக்கு இல்லம்மா” என்றேன். நம்பினாளா என்று தெரியவில்லை.

தோட்டத்தில் பனி இன்னும் விலகவில்லை. பெண்கள் இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு செடிகளுக்குள் இறங்கினார்கள். சூப்பர்வைசர் ஸ்டோர் வாசலில் நின்று ஆட்களை எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணிக்கைக்கு மேல் ஒருத்தி நிற்பதைப் பார்த்து, “எந்தா மோளே?” என்று மலையாளத்தில் என்ன விஷயம் என விசாரித்தார்.

அருகில் போனேன்.

“சார், அன்னிக்குக் கூட்டத்துக்குத் தேதி போட்டது நான்தான். அது தள்ளிப்போனது எங்கத்தைக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். மறக்கல சார். தெரிஞ்சும் சொல்லல” என்றேன்.