நினைத்த இடத்தில் நின்ற கார்

1968ஆம் ஆண்டு மாசி மாதம். சுருவில் என்ற தீவூரில் இருந்த மீனாம்பிகைக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. அவளுடைய கணவர் பரராசசிங்கம் தெற்கே மாத்தறையில் இருபத்திரண்டு வருடம் புடவைக்கடை நடத்தியவர். கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு ஊருக்கு வந்தபோது ஒரு சாம்பல் நிற ஒஸ்ரின் காரையும் கொண்டுவந்தார். மீனாம்பிகைக்குக் கார் பழக்கியவரும் அவர்தான். சாட்டிக் கடற்கரைக்குப் பக்கத்து வெட்டைவெளியில் பின்னேரங்களில் அவளை ஓடவிட்டு, பக்கத்துச் சீற்றில் இருந்து தொண்டை கட்டுமட்டும் கத்துவார். அவள் லைசென்ஸ் எடுத்தாள். ஆனால் அவர் பக்கத்தில் இல்லாமல் கோயிலுக்குக்கூட ஓடியதில்லை.

அந்த வருடம் அவருடைய இரண்டு கண்ணிலும் வெண்படலம் விழுந்தது. இனிக் கார் ஓடக்கூடாது என்று டாக்குத்தர் சொல்லிவிட்டார். பட்டணத்திலிருந்து ஆழ்வாப்பிள்ளை என்பவர் திங்கட்கிழமை வந்து காரை விலைக்குப் பார்ப்பதாக ஏற்பாடு.

"ஓடுறதுக்கு ஆள் இல்லாமல் கொட்டிலுக்குள்ள நிண்டு கறள் பிடிக்கப் போகுது. குடுத்துவிடுவம்" என்றார் பரராசசிங்கம்.

"ஆள் இல்லையோ? அப்ப நான் ஆர்?"

"உமக்கு முன்னுக்குத்தான் ஓடத் தெரியும். பின்னுக்கு எடுத்தால் வேலி போயிடும்."

அது உண்மைதான். கிழக்கு வேலி இரண்டு தடவை போயிருந்தது. மீனாம்பிகை மறுக்கவில்லை. தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "ஆழ்வாப்பிள்ளை திங்கட்கிழமைதானே வாறார்? வெள்ளி, சனி, ஞாயிறு கார் எனக்கு" என்றாள்.

"எங்கை போகப் போறீர்?"

"கரையோரமா. நெடுந்தீவு மட்டும்."

"ஆரோடை?"

"தனிய."

"என்ன அலுவல்?"

"அலுவல் ஒண்டுமில்லை. பாக்கப் போறன்."

மாத்தறைக்குப் போய்வந்த காலத்தில் தென்கரைத் தெருவெல்லாம் அவள் கார்க் கண்ணாடிக்குள்ளால் பார்த்தவள். ஒவ்வொரு வளைவிலும் ஒரு குடாவும் ஒரு மணற்கரையும் வரும், போகும். பரராசசிங்கம் வெளிக்கிட்டால் போய்ச் சேருமட்டும் காரை நிறுத்தமாட்டார். இறங்கிக் கொஞ்ச நேரம் நடந்துவிட்டு வருவோம் என்று அவள் எத்தனை தடவை கேட்டிருப்பாள்! நினைத்த இடத்தில் நிறுத்தி, இறங்கி, போதும் என்று தோன்றுமட்டும் நடக்க வேண்டும். அவள் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை விடிய அவள் எழும்பிப் பார்த்தபோது, பரராசசிங்கம் காருக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு ஒவ்வொரு ரயராகக் கையால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் ஊர்காவற்றுறைத் துறைமுகத்துக்குப் போனாள். கடலுக்கு நடுவில் நிற்கும் கோட்டையை இறங்குதுறையில் நின்று பார்த்தாள். பிறகு காரைத் திருப்பி, வேலணை கடந்து, பத்து மணிபோல மண்கும்பானில் நிறுத்தினாள். செருப்பைக் காருக்குள் கழற்றி வைத்துவிட்டு வெள்ளை மணல் மேட்டில் ஏறி மறுபக்கம் இறங்கினாள். கடல் முழங்கால் ஆழத்தில் கண்ணாடிபோலக் கிடந்தது. சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சாட்டிப் பக்கமாக அரை மைல் தண்ணீருக்குள்ளேயே நடந்தாள். கால் நகத்திலிருந்து கணுக்கால்வரை எல்லாம் தெரிந்தது. நண்டுக் குஞ்சுகள் விலகி ஓடின.

திரும்பி வந்தபோது, தெருவோரக் காணியில் பனங்கிழங்கு கிண்டிக்கொண்டிருந்த சின்னாச்சி என்ற பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆரைத் தேடுறீர் பிள்ளை?"

"ஒருத்தரையும் இல்லை."

"காணி பாக்க வந்தனீரோ?"

"இல்லை. கடல் பாக்க."

"கடலோ? அது எந்த நாளும் இஞ்சைதானே கிடக்குது!"

"ஓம். நான்தான் இண்டைக்கு வந்தனான்."

சின்னாச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவித்த கிழங்கு நாலை ஓலைத்துண்டில் சுற்றிக் கொடுத்து, "வழியில திண்டுகொண்டு போம்" என்றாள்.

பின்னேரம் மூன்று மணிக்கு மீனாம்பிகை புங்குடுதீவுக்குப் போகும் பாலத்தில் ஏறினாள். பாலம் என்று பெயர்தானே தவிர, கடலுக்குக் குறுக்கே கல்லும் மண்ணும் போட்டு உயர்த்திய நீண்ட தெரு அது. இரண்டு பக்கமும் தண்ணீர். காற்று எழும்பியிருந்தது. கால் மைல் உள்ளே போனபின் எதிரே குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து திரும்பும் பஸ் வந்து நின்றது. பஸ்ஸுக்குப் பின்னால் வைக்கோல் ஏற்றிய மூன்று மாட்டு வண்டிகள். பஸ்ஸும் காரும் விலகிப் போக அந்த இடத்தில் அகலம் இல்லை. வண்டிகளைப் பின்னுக்குத் தள்ளவும் முடியாது.

பஸ் சாரதி முருகேசு இறங்கி வந்தான். காருக்குள் ஒரு பெண் தனியாக இருப்பதைக் கண்டதும் தலையைச் சொறிந்தான்.

"அக்கா, நீங்கள் இறங்குங்கோ. நான் பின்னுக்கு எடுத்துத் தாறன்."

மீனாம்பிகை பின்கண்ணாடியைப் பார்த்தாள். தெரு ஒரு நாடாவைப்போல நீண்டு கிடந்தது. இப்போது இறங்கினால் இந்தக் கார் திங்கட்கிழமை போய்விடும் என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"வேண்டாம் தம்பி. நீர் போய் உம்மடை பஸ்ஸைப் பாரும்."

கதவைத் திறந்து, உடம்பைப் பாதி வெளியே சரித்து, கரையோரக் கல்லில் கண்ணை வைத்துக்கொண்டு கிளச்சை மெல்ல விட்டாள். கார் அசைந்தது. அறுபது அடி போனதும் பின்சக்கரம் ஒரு கல்லில் முட்டியது. நிறுத்தினாள். கொஞ்சம் முன்னுக்கு எடுத்து நேராக்கினாள். மறுபடி பின்னுக்கு. அன்று பக்கத்தில் இருந்து யாரும் கத்தவில்லை. அதனாலேயே பாதி வேலை சுலபமாயிற்று. முந்நூறு அடிக்குப் பிறகு கையும் சக்கரமும் ஒன்றுக்கொன்று பிடிபட்டுவிட்டன. பஸ் அடி அடியாக அவளைப் பின்தொடர்ந்தது. ஆட்கள் யன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பார்த்தார்கள். வேலணைக் கரையில் ஏறி அவள் காரை ஓரங்கட்டியபோது அவர்களுக்குள் பெரிய ஆரவாரம். முருகேசு ஹோர்னை நீட்டி அடித்து, கையை நெற்றிக்கு உயர்த்திவிட்டுப் போனான். மூன்று வண்டிகளும் போகுமட்டும் காத்திருந்து, இரண்டு பனங்கிழங்கைத் தின்றுவிட்டு, மீனாம்பிகை மறுபடி பாலத்தில் ஏறினாள்.

இரவு புங்குடுதீவில் உறவினர் வீட்டில் தங்கினாள். காலையில் குறிகட்டுவானில் காரைப் பூட்டி நிறுத்திவிட்டு லோஞ்சில் ஏறிக் கடல் கடந்து நெடுந்தீவுக்குப் போனாள். அங்கே அவளுடைய பள்ளித் தோழி யோகம்மா இருந்தாள். சாப்பிட்டதும் தெற்குக் கரையைப் பார்க்க வேண்டும் என்றாள் மீனாம்பிகை.

"தனியவோ? இஞ்சை கல்வேலி எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். வழி தவறிப்போவீர்."

"கடலுக்குப் போக வழி தவறுமோ? காத்து வாற பக்கம் போறன்."

பவளக் கற்களை அடுக்கிய வேலிகளுக்கு நடுவே முக்கால் மணித்தியாலம் நடந்தாள். வேலிகள் முடிந்ததும் புல்வெளி விரிந்தது. அதில் முப்பது குதிரைகளுக்குக் குறையாமல் மேய்ந்தன. கட்டுவதற்கு ஆளில்லாத, பிடரி மயிர் சடைத்த கட்டைக் குதிரைகள். ஒரு குட்டி அவளைப் பார்த்துக் காதை நிமிர்த்தியது. பிறகு தாய்க்குப் பின்னால் போய் நின்றது. அவள் அவற்றைச் சுற்றி விலகிப் போய்க் கரைப் பாறையில் இருந்தாள். எதிரே நிலமே இல்லை. தான் இந்த நிமிடம் எந்தக் கல்லில் இருக்கிறாள் என்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது என்ற நினைப்பு வந்தது. பயம் வரவில்லை. நன்றாகக் காலை நீட்டி இருந்தாள். வெயில் தணிந்ததும் ஒருவரிடமும் கேட்காமல் வந்த வழியே யோகம்மா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள்.

ஞாயிறு மாலை சுருவிலுக்கு அவள் வருமுன்பே கதை வந்துவிட்டது. பஸ்ஸில் இருந்தவர்கள் வேலணைச் சந்தி முழுக்கச் சொல்லியிருந்தார்கள். பரராசசிங்கம் வாசல் படலையில் நின்றார்.

"எவ்வளவு தூரம் பின்னுக்கு எடுத்தனீர்?"

"அளக்கேல்லை. கால் மைல் இருக்கும்."

"எங்கையும் முட்டேல்லையோ?"

"ஒரு கல்லிலை. காருக்கு ஒண்டுமில்லை."

அவர் பின்பக்கம் போய்க் குனிந்து, மங்கலான கண்ணால் சக்கரத்தைப் பார்த்தார். பிறகு விரலால் தடவினார். "குளிச்சிட்டு வாரும். மீன்குழம்பு இருக்கு" என்றார். அடுத்தநாள் வந்த ஆழ்வாப்பிள்ளைக்கு இளநீர் கொடுத்து, கார் விற்பதற்கில்லை என்று அவரே சொல்லி அனுப்பிவிட்டார்.

அதன்பிறகு ஒவ்வொரு மாசியிலும் மூன்று நாள் மீனாம்பிகை தனியே வெளிக்கிட்டாள். மற்ற நாட்களில் பரராசசிங்கத்தை ஏற்றி இறக்கியதும் அவள்தான். ஒரு வருடம் ஊர்காவற்றுறையில் பாதை என்னும் மிதவையில் காரை ஏற்றிக் காரைநகருக்குக் கடந்து, கீரிமலை, காங்கேசன்துறை என்று கரையோரமாகப் பருத்தித்துறைவரை போனாள். அங்கே தேத்தண்ணிக் கடையில் கிழக்கே போகும் தெருவைப் பற்றிக் கேட்டாள்.

"அங்காலை முழுக்க மணல் அம்மா. கார் போகாது" என்றார் கடைக்காரர்.

"எங்கை மட்டும் போகும்?"

"அந்தப் பனைக்கூடல் மட்டும்."

"அது போதும். மிச்சத்தை நடக்கிறன்" என்று சொல்லிவிட்டு அவள் காரை எடுத்தாள்.