காயம் ஆறுவதற்குள் கொட்டாஞ்சேனைக்கு

இந்த வலைப்பதிவில் இதுவரை நுவரெலியா, சிகிரியா, காலி என்று எழுதியிருக்கிறேன். "அடுத்தது எங்கே?" என்று பின்னூட்டத்தில் கேட்டவர்களுக்குப் பதில்: வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனை. பத்துக் கிலோமீட்டர், மூன்று நாள். சிரிக்காதீர்கள். யுத்தம் நடக்கும் இந்த நாட்களில், கொழும்பில் எங்கள் தமிழ் ஆட்களுக்குச் சிகிரியாவில் ஏறுவதைவிட ஒரு பொலிஸ் நிலையத்தின் மூன்று படிகளில் ஏறுவதுதான் கஷ்டம். அதுவும் யாரும் கூப்பிடாமல், நாங்களாகவே போய் ஏறுவது.

போனதன் காரணத்தைச் சொல்கிறேன். சிவமலர் மச்சாள் என் கணவரின் அக்கா. யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். கனடாவில் இருக்கும் தன் கணவரிடம் போவதற்கு விசா வரும்வரை, எட்டு மாதமாகக் கொழும்பில் இருக்கிறார், இப்போது எங்கள் பிளாட்டில். போன செவ்வாய்க்கிழமை பின்னேரம் கொட்டாஞ்சேனையில் தைக்கக் கொடுத்த சட்டைகளை எடுக்கப் போனபோது, மோட்டார் சைக்கிளில் வந்த இரண்டு பேர் அவருடைய தாலிக்கொடியைப் பிடித்து இழுத்தார்கள். கொடி உடனே அறவில்லை. அது அறும்வரை மச்சாள் றோட்டில் இழுபட்டார். கழுத்தைச் சுற்றிச் சிவப்பாக ஒரு கோடு, தோளில் உரிந்த தோல், அவ்வளவுதான் மிச்சம்.

"உந்தக் காலத்தில ஏன் கொடியோட போனவ?" என்று கேட்ட சொந்தக்காரர் எத்தனை பேர்! கழுத்து அவருடையது, கொடி அவருடையது. அறுத்தவனைப் பற்றி ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எங்கள் ஒழுங்கையிலேயே கிளினிக் வைத்திருக்கும் டொக்டர்தான் வழி சொன்னார். "பொலிசில முறைப்பாடு எழுதுங்கோ. அவை ஒரு படிவம் தருவினம். அதைக் கொண்டுபோய் அரசாங்க ஆஸ்பத்திரியில சட்ட வைத்திய அதிகாரியிட்டக் காட்டினா, காயத்தைப் பார்த்து எழுதித் தருவார். பிறகு வழக்கு வந்தா கோர்ட்டில அதுதான் சாட்சி. ஒரு சதமும் செலவில்லை. ஆனா காயம் ஆறுறதுக்கு முதல் போகவேணும். உந்தக் கோடு நாலைஞ்சு நாளில மங்கிப்போம்."

காயத்தைக் கழுவிவிட்டுப் பூசுவதற்கு ஒரு களிம்பும் தந்தார். மச்சாள் அதை மேசையில் வைத்ததோடு சரி.

"பூசுங்கோ மச்சாள், எரியுமெல்லே?"

"எரியட்டும். வேளைக்கு ஆறினா ஆர் நம்பப் போயினம்?"

புதன்கிழமை காலை 7.40க்குப் புறப்பட்டோம். காலி வீதியில் 101 பஸ், புறக்கோட்டை வரை ஆளுக்குப் பதினைந்து ரூபாய். வழியில் இரண்டு சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கிப் பையைத் திறந்து பார்த்தார்கள். ஆகவே நாற்பது நிமிடப் பயணம் ஒரு மணி பத்து நிமிடம் ஆனது. புறக்கோட்டையிலிருந்து ஓட்டோ நூற்றிருபது ரூபாய். சம்பவம் நடந்த இடத்துக்குப் பொறுப்பான நிலையத்தில்தான் முறைப்பாடு எடுப்பார்கள். வெள்ளவத்தையில் கொடுக்க முடியாது. எந்த நிலையம் என்று எழுதப் போவதில்லை. எழுதினால் இந்தப் பதிவின் முதல் வாசகர் அவர்களாகத்தான் இருப்பார்கள்.

இனி என் முட்டாள்தனத்தைச் சொல்ல வேண்டும். முதல் நாள் இரவே நான் ஒரு நீல நிற பைல் ஆயத்தம் செய்திருந்தேன். மச்சாளின் அடையாள அட்டை, எங்கள் வீட்டு விலாசத்தில் செய்த பொலிஸ் பதிவு (வடக்கிலிருந்து வந்து தங்குபவர்களுக்கு அது கட்டாயம்), கனடாக் கடிதங்கள், ஓய்வூதியக் கடிதம், நான் வேலை செய்யும் கந்தோரின் கடிதம், எல்லாம் பிரதியோடு. எங்கள் பிளாட்டில் அப்போது ஊரிலிருந்து வந்த வேறு நாலு பேர் இருந்ததால் மச்சாள் முதல் மாதம் ஒரு லொட்ஜில் தங்கியிருந்தார். முழுமையாக இருக்கட்டும் என்று அந்த லொட்ஜ் பதிவுத் துண்டையும் சொருகி வைத்தேன். எனக்குப் பெருமை வேறு.

நிலையத்தின் முன் மேசையில் இருந்த சார்ஜன்ட் கேட்கும் முன்பே மச்சாள் பைலை நீட்டினார். பழக்கதோஷம். காக்கிச் சட்டையைக் கண்டால் எங்கள் கை தானாகக் கடதாசியைத் தேடும். அவர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஏன் கொழும்புக்கு வந்தது? எட்டு மாதம் என்ன செய்கிறார்? இதில் ஒரு விலாசம், அதில் இன்னொரு விலாசம், எது உண்மை? எனக்குச் சிங்களம் கதைக்க வரும், வாசிக்க வராது. நான் பதில் சொல்லச் சொல்லக் கேள்விகள் கூடின. முப்பத்தைந்து நிமிடம்! அதில் மோட்டார் சைக்கிள் என்ற சொல் ஒரு தடவைகூட வரவில்லை. கடைசியில், "விலாசத்தைச் சரிபார்க்க வேண்டும், அடுத்த வாரம் வாருங்கள்" என்று பைலை மூடித் தந்தார்.

வெளியே வந்து மச்சாள் தண்ணீர் குடித்தார். "வாணி, கொடியை அறுத்தது நான்தானோ எண்டு எனக்கே சந்தேகம் வந்திட்டுது" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் பஸ்ஸில் ஏறியதும் முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

வியாழக்கிழமை இரண்டாவது பயணம், நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடைப் பக்கம். அங்கே அரசாங்கச் செலவில் இலவசமாகச் சட்ட உதவி தரும் அலுவலகம் ஒன்று இருக்கிறது. காலை 8.30க்குத் திறக்கும், 8.15க்கே வரிசை நிற்கும். ஒன்றேகால் மணித்தியாலம் நின்றோம். உள்ளே ஒரு சிங்களச் சட்டத்தரணி, முப்பது வயதிருக்கும். நான் பெருமையோடு பைலை மேசையில் வைத்தேன். அவர் திறந்துகூடப் பார்க்கவில்லை. "இதை ஏன் கொண்டுபோனீர்கள்? குற்றம் சாட்டப்பட்டவர் கொண்டுவருகிற பைல் இது. இவர் முறைப்பாட்டாளர்" என்று என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார். அடையாள அட்டை மட்டும் போதும். வாக்குமூலத்தைத் தமிழில் எழுதச் சொல்லிக் கேட்கலாம். வாசித்துப் பார்க்காமல் கையெழுத்து வைக்கக் கூடாது. வழக்கு வந்தால் அவரே இலவசமாக வருவார். நான் மொழிபெயர்த்துச் சொல்ல மச்சாள் கவனமாகக் கேட்டார். பிறகு பைலைத் தூக்கி என் மடியில் வைத்தார்.

"இது உம்மட சாமான், வாணி. நீரே வச்சிரும்."

வெள்ளிக்கிழமை. கழுத்துக் கோடு மண்ணிறமாகி ஓரங்களில் மங்கத் தொடங்கிவிட்டது. காலை 9.20க்கு அதே படிகள், அதே சார்ஜன்ட். மச்சாள் அடையாள அட்டையைக் காட்டினார். அவர் மற்றக் கடதாசிகளைக் கேட்டார். நான் வாயைத் திறக்க முன்பே மச்சாள் தமிழில் தொடங்கினார். வகுப்பின் கடைசி வாங்குப் பிள்ளைக்கும் கேட்கிற குரல்.

"அது வேற விஷயம் ஐயா. நான் கொடியைப் பறிகுடுத்த ஆள். முதல்ல என்ர முறைப்பாட்டை எழுதுங்கோ. அதுவும் தமிழில எழுதுங்கோ. நான் சொன்னதை நானே வாசிச்சுத்தான் கையெழுத்து வைப்பன்."

நான் சிங்களத்தில் சொன்னேன். மரியாதைச் சொல் இரண்டு சேர்த்தேன் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

தமிழில் எழுதுகிற கான்ஸ்டபிளுக்கு இன்று பின்னேர வேலை, ஜும்மாத் தொழுகை முடித்து இரண்டு மணிக்குத்தான் வருவார் என்றார் சார்ஜன்ட். அவசரம் என்றால் இப்பவே சிங்களத்தில் எழுதலாம், இல்லாவிட்டால் திங்கட்கிழமை. திங்கட்கிழமைக்குக் கோடு இருக்காது. ஆஸ்பத்திரியில் நாலு மணிக்குப் பிறகு பார்க்கமாட்டார்கள். விரல் விட்டு மணியை எண்ணிப் பார்த்தேன். "மச்சாள், சிங்களத்தில எழுதினா என்ன? எனக்கு விளங்கும்தானே" என்றேன்.

"உமக்கு வாசிக்கத் தெரியுமோ?"

"இல்லை."

"அப்ப இருப்பம்."

இருந்தோம். நாலே முக்கால் மணித்தியாலம் ஒரு மர வாங்கில். பதினொரு மணிக்கு நான் முன்னால் இருந்த கடையில் பிளேன்டீ வாங்கி வந்தேன். பன்னிரண்டரைக்கு மரக்கறிச் சோற்றுப் பார்சல், தொண்ணூறு ரூபாய், பருப்பு நன்றாக இருந்தது. மச்சாளின் மடியில் பைல் ஒன்றுமில்லை. கையைக் கட்டிக்கொண்டு, கழுத்து தெரியும்படி சேலைத் தலைப்பை ஒதுக்கிவிட்டு, சார்ஜன்டின் மேசைக்கு நேரெதிரே இருந்தார். சார்ஜன்ட் இரண்டு தடவை தன் கதிரையை மாற்றிப் போட்டார்.

2.05க்குக் கான்ஸ்டபிள் வந்தார். கிழக்கு மாகாணத்து முஸ்லிம், தொப்பி இன்னும் தலையில். "உம்மா, இருங்க. ஆறுதலாச் சொல்லுங்க, எல்லாத்தையும் எழுதுறன்" என்றார். அந்த நிலையத்தில் "என்ன நடந்தது?" என்று முதலில் கேட்ட ஆள் அவர்தான். மச்சாள் சொல்ல அவர் எழுதினார். ஒன்றரைப் பக்கம். மச்சாள் வாசித்துவிட்டு, "இழுத்தவன் வலது கையில மணிக்கூடு கட்டியிருந்தவன், அது விடுபட்டிட்டுது" என்றார். அதையும் சேர்த்தார். 2.50க்குக் கையெழுத்து. முறைப்பாட்டு இலக்கத்தைத் துண்டில் எழுதி, ஆஸ்பத்திரிப் படிவத்தையும் தந்தார்.

வெளியே ஓடி வந்து பிடித்த ஓட்டோக்காரர் மலையகத்துக்காரர். விஷயத்தைக் கேட்டதும், "புடிச்சுக்கங்கக்கா, மூனரைக்குள்ள சேத்துர்றேன்" என்றவர் சந்துகளுக்குள்ளால் விட்டு 3.20க்கே இறக்கினார். நூற்றைம்பது கேட்டார், பேரம் பேசவில்லை. வழியில் மச்சாள் அவரிடம் ஒரு சிங்கள வசனம் கேட்டு, திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். வைத்திய அதிகாரி லைட்டைக் கிட்டப் பிடித்து, அடிமட்டம் வைத்து அளந்து எழுதினார். "மங்கத் தொடங்கிட்டுது, ஆனா நல்லாத் தெரியுது" என்றார். அந்த ஒரு வசனத்துக்காகத்தான் மூன்று நாள்.

திரும்பும்போது காலி வீதியில் வழக்கம்போல எல்லோரையும் இறக்கினார்கள். இளம் இராணுவச் சிப்பாய் ஒருவர் மச்சாளின் அடையாள அட்டையைப் புரட்டினார். பிறந்த இடம் யாழ்ப்பாணம். எங்கே போய்விட்டு வருகிறீர்கள் என்று கேட்டார். மச்சாள் ஓட்டோவில் பாடமாக்கிய வசனத்தை எடுத்து விட்டார்.

"பொலிஸியே பெமினில்லக் தாலா எனவா."

அதாவது, பொலிசில் முறைப்பாடு போட்டுவிட்டு வருகிறேன். சிப்பாய் அட்டையைப் பார்த்தார், மச்சாளைப் பார்த்தார். அட்டையைக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்.

இதே பயணம் போகப் போகிறவர்களுக்கு: வெள்ளிக்கிழமையைத் தவிருங்கள். தமிழில் எழுதுபவர் எத்தனை மணிக்கு இருப்பார் என்று முதலே விசாரியுங்கள். சிங்களம் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள், ஆனால் அவரைக் கதைக்க விடாதீர்கள். நான் அனுபவத்தில் சொல்கிறேன். பொலிஸ், ஆஸ்பத்திரி, சட்டத்தரணி மூன்றும் இலவசம், ஆனால் தருமம் என்று நினைக்காதீர்கள். நாங்கள் வாங்கும் சீனிக்கும் சவர்க்காரத்துக்கும் கட்டுகிற வரிதான் அந்த மேசையும் அந்த வாங்கும். அதில் எத்தனை மணித்தியாலமும் இருக்கலாம். முக்கியமாக, அடையாள அட்டையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

கொடி கிடைக்கவில்லை. கிடைக்கும் என்று மச்சாள் எதிர்பார்க்கவுமில்லை. "பிடிபட்டா நான் போய் ஆளைக் காட்டுவன், விசா வந்தாலும் அதுக்குப் பிறகுதான் பிளேன்" என்கிறார். கனடாவில் அவருடைய கணவர் தலையில் கை வைத்துக்கொண்டிருக்கிறார்.

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு வீட்டுக்குள் வந்ததும் மச்சாள் கண்ணாடி முன்னால் நின்று கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"வாணி, அந்தக் களிம்பை எடும். இனி ஆறட்டும்."